நத்தம் யாருடைய மண்?

சாலை விரிவாக்கத்துக்காக ஓர் ஊரின் தெருவில் அளவைக்கல் நடப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்தடுத்து இரண்டு வீடுகள். இரண்டிலும் மூன்று தலைமுறையாகக் குடும்பங்கள் வாழ்ந்து வருகின்றன. இரண்டுக்கும் ஊராட்சியில் வீட்டுவரி செலுத்தப்படுகிறது. மின் இணைப்பும் உண்டு. வேறுபாடு ஒன்றே ஒன்றுதான். முதல் வீட்டுக்காரரிடம் நத்தம் பட்டா இருக்கிறது. இரண்டாமவரிடம் இல்லை. நத்தம் நில அளவை நடந்த நாள்களில் அவருடைய தந்தை பிழைப்புக்காக வெளியூர் சென்றிருந்தார். அவர்களின் மனைக்கு எதிரே பதிவேட்டில் 'சர்க்கார் புறம்போக்கு' என்று எழுதப்பட்டுவிட்டது.

முதல் வீட்டுக்கு மண்ணுக்கும் கட்டடத்துக்கும் இழப்பீடு கணக்கிடப்படுகிறது. இரண்டாம் வீட்டுக்குக் கட்டடத்துக்கு மட்டும். நிலம் அரசினுடையது என்பதால் அரசே அரசுக்கு விலை கொடுக்கத் தேவையில்லை என்பது வாதம். இது கற்பனையான எடுத்துக்காட்டுதான். ஆனால், தமிழ்நாட்டில் நிலமெடுப்பு நடைபெறும் ஊர்களில் இத்தகைய வேறுபாடு எழுவதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு. பதிவேட்டின் ஒரு கட்டத்தில் எழுதப்பட்ட இரண்டு சொற்களுக்கு ஒரு குடும்பத்தின் வாழ்நாள் சேமிப்பைப் பறிக்கும் வல்லமை உண்டா? சட்டம் என்ன சொல்கிறது?

பட்டா ஏன் இல்லாமல் போயிற்று?

கிராம நத்தம் என்பது ஊர் மக்கள் வீடு கட்டிக் குடியிருப்பதற்காகத் தொன்றுதொட்டு ஒதுக்கப்பட்ட பகுதி. வட மாநிலங்களில் இதனை 'ஆபாதி' என்பர். ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் 'கிராம கண்டம்' என்றும், மகாராஷ்டிரத்தில் 'காவ்டாண்' என்றும் வழங்குகின்றனர். பெயர்கள் வேறாயினும் சிக்கல் ஒன்றே.

பிரிட்டிஷ் ஆட்சிக்காலத்தில் ரயத்துவாரி முறைப்படி நிலங்கள் அளக்கப்பட்டபோது, வருவாய்த் துறையின் நாட்டம் முழுவதும் தீர்வை வசூலில் இருந்தது. நஞ்சைக்கும் புஞ்சைக்கும் தீர்வை விதிக்கப்பட்டது. தீர்வை கட்டுபவருக்குப் பட்டா கொடுக்கப்பட்டது. நத்தத்துக்குத் தீர்வை இல்லை. எனவே பட்டாவும் இல்லை. வயலுக்குப் பட்டா வைத்திருந்த உழவரிடம் தாம் குடியிருந்த வீட்டுக்குப் பட்டா இருந்ததில்லை. ஊர் முழுவதற்கும் ஒரே புல எண் கொடுத்து 'கிராம நத்தம்' என ஒற்றை வரியில் பதிந்துவிட்டனர். தனித்தனி மனைகளின் எல்லைகளோ உரிமையாளர்களின் பெயர்களோ அப்பதிவேட்டில் இடம்பெறவில்லை.

எனவே, நத்தத்தில் பட்டா இல்லை என்பது உரிமை இல்லை என்பதற்கான சான்றாகாது. வரி வாங்காத அரசு, வரிக்கான ஆவணத்தையும் கொடுக்கவில்லை, அவ்வளவே. பின்னாளில் இதே இல்லாமையைக் காட்டி, நிலம் தன்னுடையது என அரசு உரிமை கொண்டாடுவதுதான் முரண்பாடு.

அந்நாளிலும் நத்தத்தின் மீது எல்லோருக்கும் சமமான பிடி இருந்ததில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்கீர், ஒடுக்கப்பட்ட மக்களின் நிலை குறித்து 1891-இல் எழுதிய குறிப்பில், அவர்கள் குடியிருந்த மனைகளும் மிராசுதாரர்களின் பிடியில் இருந்ததைச் சுட்டிக்காட்டினார். எதிர்த்துப் பேசினால் வீட்டைக் காலி செய் என்று சொல்ல முடிகிற நிலையில், கூலியையோ உரிமையையோ யார் கேட்பார்? குடியிருக்கும் மண்ணின் மீதான உரிமை, வெறும் சொத்துரிமை மட்டுமன்று. தலைநிமிர்ந்து வாழ்வதற்கான உரிமையும் ஆகும் என்பதற்கு அந்த வரலாறே சான்று. ஊர் நத்தம், சேரி நத்தம் என்று இரண்டாகப் பிரிந்து கிடந்த குடியிருப்புகளில் ஆவணக் குறைபாடு யாரை அதிகம் தாக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

1905-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விலக்கு

சென்னை மாகாணத்தில் 1905-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட நில ஆக்கிரமிப்புச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. சாலைகள், ஆறுகள், ஏரிகள் தொடங்கித் தனியாருக்கு உரிமையில்லாத நிலங்கள் அனைத்தும் அரசின் சொத்து என அதன் 2-ஆம் பிரிவு அறிவிக்கிறது. ஆயினும் அதே பிரிவு ஒரு முக்கியமான விலக்கையும் அளிக்கிறது: கோயில் மனையாக உள்ள நிலமும், வீட்டுமனையாகவோ கொல்லைப்புறமாகவோ ஒருவருக்கு உரிமையாக உள்ள நிலமும் அரசின் சொத்து அல்ல.

1948-ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டமும் இதே வழியில்தான் சென்றது. ஜமீன் நிலங்கள் அரசிடம் சேர்ந்தபோது, கட்டடங்களும் அவை நிற்கும் மனைகளும் அவற்றுக்கு அதுவரை உரியவராக இருந்தவரிடமே சேரும் என அச்சட்டம் வகுத்தது.

இந்த விலக்கின் அடிப்படையில் சென்னை உயர் நீதிமன்றம் நீண்ட காலமாக ஒரு நிலைப்பாட்டை வகுத்து வந்துள்ளது. கிராம நத்தத்தில் வீடு கட்டிக் குடியிருப்பவரின் மனை அரசுக்கு உரியதன்று. அதனை அரசுப் புறம்போக்கு எனக் கருதி ஆக்கிரமிப்புச் சட்டத்தின் கீழ் வெளியேற்ற முடியாது என்பதே அது. 2004-இல் கடத்தூர் பேரூராட்சி தொடர்பான வழக்கில் உயர் நீதிமன்ற அமர்வு அளித்த தீர்ப்பு, இன்றளவும் நத்தம் வழக்குகளில் மேற்கோள் காட்டப்படுகிறது.

உச்ச நீதிமன்றமும் 1982-இல் ஆந்திரப் பிரதேச அரசு தொடர்ந்த ஒரு வழக்கில் இதே சட்டத்தின் எல்லையை வரையறுத்தது. நெடுங்காலமாக அனுபவத்தில் உள்ள ஒருவர் நேர்மையான முறையில் உரிமை கோரும்போது, சுருக்க விசாரணை நடத்தி அவரை வெளியேற்ற அரசுக்கு அதிகாரமில்லை. நிலம் தன்னுடையது என்று அரசு கருதினால், மற்ற எந்தக் குடிமகனையும் போல அரசும் உரிமையியல் நீதிமன்றத்தை நாட வேண்டும். தன் வழக்கில் தானே நீதிபதியாக இருக்க முடியாது என்ற கோட்பாடு அரசுக்கும் பொருந்தும் என்பதே இதன் உட்பொருள்.

இந்தப் பாதுகாப்புக்கு எல்லையும் உண்டு. ஏரிக்கரையையோ, நீர்வழித்தடத்தையோ, மேய்ச்சல் நிலத்தையோ, வண்டிப்பாதையையோ வளைத்துக்கொண்டு அதற்கு நத்தம் என்று பெயர் சூட்டுவதால் உரிமை பிறந்துவிடாது. நத்தத்துக்குள்ளேயே காலியாகக் கிடக்கும் இடம் வேறு வகையைச் சேர்ந்தது. அதனை வீடற்றோருக்கு மனையாக ஒப்படைப்பதற்கு வருவாய் நிலையாணைகளின் 21-ஆவது ஆணை வழிவகுக்கிறது. நத்தம் என்பது குடியிருப்பதற்கானது. வசதி படைத்தவர் பெரும் பரப்பை வேலியிட்டு வளைத்துக்கொள்வதற்கானது அல்ல என்றும் நீதிமன்றம் கண்டித்ததுண்டு. ஆக, நத்தத்தில் உரிமையின் வேர் குடியிருப்பில் இருக்கிறது. வீடும், அதனைச் சார்ந்த கொல்லையும், தொடர்ந்த அனுபவமும்தான் அந்த உரிமையின் அடையாளங்கள்.

நத்தம் அளவையும் அதன் பிழைகளும்

தனித்தனி மனைகளை அளந்து பட்டா வழங்கும் பணி, 1980-களின் இறுதியிலிருந்து நத்தம் நிலவரித் திட்டம் என்ற பெயரில் தமிழ்நாட்டில் நடைபெற்றது. முதலில் தோராயப் பட்டா கொடுத்து, ஆட்சேபங்களைக் கேட்டு, பின்னர் இறுதிப் பட்டா வழங்குவது திட்டத்தின் நடைமுறை. இதன் விளைவாக உருவான பதிவேடே 'தூய அடங்கல்' எனப்படுகிறது. அதில் குடியிருப்பு மனைகள் 'ரயத்துவாரி மனை' என்றும், தெரு, பொது இடம் போன்றவை 'சர்க்கார் புறம்போக்கு' என்றும் வகைப்படுத்தப்பட்டன.

நல்ல நோக்கத்துடன் நடந்த பணி. ஆனால், அந்த நாளில் வீடு பூட்டிக் கிடந்தவர்கள், இடிந்த கூரையோடு மனையை விட்டுவிட்டுப் பிழைக்கச் சென்றவர்கள், பங்காளிச் சண்டையால் எல்லை காட்ட முடியாதவர்கள் ஆகியோரின் மனைகள் அரசின் கணக்கில் சேர்வதற்கும் இப்பணி இடமளித்தது. முன்வாசலும் கொல்லையும் விடுபட்டு, சுவர் நிற்கும் பரப்புக்கு மட்டும் பட்டா பெற்றவர்களும் உண்டு. உடன்பிறந்தோர் நால்வரில் ஊரிலிருந்த ஒருவர் பெயருக்கே முழு மனையும் பதிவாவதும் நடக்கக்கூடியதே. ஆட்சேபம் தெரிவிக்கக் கால வரம்பு இருந்தது என்பது, அறிவிப்பே எட்டாதவர்களுக்கு ஆறுதல் தராது.

இங்கே ஒன்றை மறந்துவிடலாகாது. வருவாய்ப் பதிவேடு உரிமையை உருவாக்குவதுமில்லை. அழிப்பதுமில்லை என உச்ச நீதிமன்றம் பல வழக்குகளில் கூறியுள்ளது. பட்டா என்பது உரிமைக்கான சான்றுகளில் ஒன்றே தவிர, உரிமையே அன்று. இந்த விதி இருபுறமும் கூர்மையுள்ளது. பட்டா இருப்பதாலேயே ஒருவர் முழு உரிமையாளர் ஆகிவிட மாட்டார். பட்டா இல்லாததாலேயே ஒருவர் உரிமையற்றவராகவும் ஆகிவிட மாட்டார். அண்டை வீட்டாருடன் வழக்கு வரும்போது முதற்பாதியை நினைவூட்டும் அதிகாரிகள், நிலமெடுப்பின்போது இரண்டாம் பாதியை மறந்துவிடுவது விந்தை.

இரண்டு சொற்களின் விலை

2014 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த 2013-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டம், 1894-ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்கு மாற்றாக வந்தது. இதன்படி இழப்பீடு கணக்கிடப்படும் முறையை அறிந்தால்தான் பதிவேட்டுச் சொற்களின் விலை புரியும்.

முதலில் நிலத்தின் சந்தை மதிப்பு. முத்திரைச் சட்டப்படி குறிக்கப்பட்ட மதிப்பு, அருகிலுள்ள பகுதிகளில் இதே போன்ற நிலங்கள் விற்ற சராசரி விலை, ஒப்புதலின் அடிப்படையில் முடிவான தொகை ஆகியவற்றில் எது அதிகமோ அதுவே சந்தை மதிப்பு. ஊரகப் பகுதியாயின், நகரத்திலிருந்து உள்ள தொலைவுக்கு ஏற்ப 1 முதல் 2 வரையிலான ஒரு பெருக்கெண்ணால் இதனைப் பெருக்க வேண்டும். அதனுடன் கட்டடம், மரம், கிணறு ஆகியவற்றின் மதிப்பைச் சேர்க்க வேண்டும். இந்தக் கூட்டுத்தொகைக்குச் சமமான தொகை, அதாவது 100 விழுக்காடு, ஆறுதல் தொகையாகக் கூடுதலாக வழங்கப்படும். இவை தவிர, சமூகத் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை வெளியான நாள் முதல் இழப்பீட்டு ஆணை பிறப்பிக்கும் நாள் அல்லது நிலத்தை எடுத்துக்கொள்ளும் நாள், இவற்றில் எது முந்தியதோ அதுவரை, சந்தை மதிப்பின் மீது ஆண்டுக்கு 12 விழுக்காடும் உண்டு.

தொடக்கத்தில் கண்ட இரண்டு வீடுகளுக்குத் திரும்புவோம். இரண்டும் 5 சென்ட் மனை, சென்ட் ஒன்றின் சந்தை மதிப்பு 1 லட்சம் ரூபாய், பெருக்கெண் 1.25, கட்டடத்தின் மதிப்பு 4 லட்சம் ரூபாய் எனக் கொள்வோம். பட்டா உள்ள வீட்டுக்கு நிலத்துக்காக 6.25 லட்சம், கட்டடத்துக்காக 4 லட்சம், ஆக 10.25 லட்சம், ஆறுதல் தொகையையும் சேர்த்தால் 20.5 லட்சம் ரூபாய். பட்டா இல்லாத வீட்டுக்குக் கட்டடத்தின் 4 லட்சமும் அதற்கான ஆறுதல் தொகை 4 லட்சமும் சேர்த்து 8 லட்சம் ரூபாய். வேறுபாடு 12.5 லட்சம். 12 விழுக்காட்டுக் கூடுதல் தொகையையும் கணக்கில் சேர்த்தால் இடைவெளி இன்னும் விரியும். இந்தப் பணத்தைக் கொண்டுதான் அந்தக் குடும்பம் வேறோர் ஊரில் மனை வாங்க வேண்டும். கட்டடத்துக்கு மட்டும் பணம் பெற்றவர் எந்த மண்ணில் வீடு கட்டுவார்?

சட்டத்தின் சொற்கள் இதற்கு இடம் கொடுக்கவில்லை. 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, 'நில உரிமையாளர்' என்ற சொல்லுக்குத் தந்துள்ள விளக்கம் அகலமானது. பதிவேட்டில் பெயர் உள்ளவர் மட்டுமல்லாமல், மாநிலத்தின் எந்தவொரு சட்டப்படியும் பட்டா பெறத் தகுதியுள்ளவரும் நில உரிமையாளரே. நீதிமன்றத்தால் உரிமையாளர் என அறிவிக்கப்பட்டவரும் அவ்வாறே. 'பட்டா பெற்றவர்' என்று மட்டும் சொல்லாமல் 'பெறத் தகுதியுள்ளவர்' என்றும் சட்டம் சேர்த்துச் சொல்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அரசு ஒப்படைத்த நிலத்தை எடுக்கும்போதும் சந்தை மதிப்பில் இழப்பீடு தர வேண்டும் என ஆந்திரப் பிரதேச உயர் நீதிமன்றத்தின் பேரமர்வு 2004-இலேயே தீர்ப்பளித்தது. அரசே கொடுத்த நிலத்துக்கு இந்த நிலை என்றால், அரசுக்கு ஒருபோதும் உரியதாக இராத நத்தம் மனைக்கு எவ்வாறு மறுக்க முடியும்?

பல சட்டங்கள், பல வாயில்கள்

எந்தச் சட்டத்தின் கீழ் நிலம் எடுக்கப்படுகிறது என்பதைப் பொறுத்து, குறை சொல்லும் இடமும் கால வரம்பும் மாறுகின்றன. இது பாதிக்கப்படும் மக்களைப் பெரிதும் குழப்பும் பகுதி.

2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி முதல்நிலை அறிவிக்கை வெளியானால், 60 நாள்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். இழப்பீட்டு ஆணையில் மனநிறைவு இல்லையெனில், அந்த ஆணை பிறப்பிக்கப்பட்டபோது நேரில் இருந்தவர் 6 வாரங்களுக்குள் 64-ஆம் பிரிவின்படி மனு அளித்து, விவகாரத்தை அதற்கென அமைந்த ஆணையத்துக்கு அனுப்பும்படி கேட்கலாம். நேரில் இல்லாதவருக்கு, அறிவிப்பு கிடைத்ததிலிருந்து 6 வாரம் அல்லது ஆணை நாளிலிருந்து 6 மாதம், இவற்றில் எது முந்தியதோ அதுவே வரம்பு. அண்டை நிலத்தவர் ஒருவர் ஆணையம் சென்று கூடுதல் இழப்பீடு பெற்றால், மனுச் செய்யாதிருந்த மற்றவர்களும் 73-ஆம் பிரிவின்படி 3 மாதங்களுக்குள் அதே அளவைக் கேட்டு விண்ணப்பிக்கலாம். பலரும் அறியாத வாய்ப்பு இது.

தேசிய நெடுஞ்சாலைக்கான நிலமெடுப்பு 1956-ஆம் ஆண்டின் தனிச் சட்டப்படி நடக்கிறது. அதில் ஆட்சேபத்துக்கு 21 நாள்கள் மட்டுமே. தொகையில் குறையிருந்தால் மத்திய அரசு நியமிக்கும் நடுவரிடம் செல்ல வேண்டும். தொகையைப் பங்கிடுவதில் தகராறு இருந்தால் அது உரிமையியல் நீதிமன்றத்துக்கு அனுப்பப்படும். 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இழப்பீட்டு முறை 2015 ஜனவரி 1 முதல் இதற்கும் பொருந்தும். அதற்கு முந்தைய காலத்தில் நெடுஞ்சாலைக்கு நிலம் கொடுத்தவர்களுக்கு ஆறுதல் தொகையும் வட்டியும் மறுக்கப்பட்டது சமத்துவத்துக்கு எதிரானது என 2019-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தமிழ்நாட்டில் மேலும் மூன்று மாநிலச் சட்டங்கள் உள்ளன: ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கான 1978-ஆம் ஆண்டுச் சட்டம், தொழில் நோக்கங்களுக்கான 1997-ஆம் ஆண்டுச் சட்டம், 2001-ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைகள் சட்டம். 2013-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின் நடைமுறைகளிலிருந்து இவற்றுக்கு விலக்களிக்கும் திருத்தத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2019-இல் செல்லாது என அறிவித்தது. அதே ஆண்டில் மாநில அரசு இச்சட்டங்களுக்குப் புத்துயிர் அளித்துப் புதிய சட்டம் இயற்றியது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதனை ஏற்றது. இழப்பீட்டின் அளவு மத்தியச் சட்டத்தை ஒட்டியதாக இருப்பினும், சமூகத் தாக்க மதிப்பீடு போன்ற பாதுகாப்புகள் இவற்றில் இல்லை.

இது ஏட்டளவிலான வேறுபாடன்று. பரந்தூர் விமான நிலையத் திட்டத்தில் ஏகனாபுரம் மக்கள் பல நூறு நாள்கள் போராடியதற்கு, விளைநிலத்தோடு ஊரின் குடியிருப்பும் திட்ட எல்லைக்குள் வந்ததே முதன்மையான காரணங்களுள் ஒன்று. வயலை இழப்பவர் வேறு தொழில் தேடலாம். வயலும் வீடும் ஒருசேரப் போகும்போது ஊர் என்பதே இல்லாமல் போகிறது. அங்கெல்லாம் நத்தத்தின் உரிமைக் கேள்வி ஓரத்தில் வைக்கத்தக்கதன்று.

குடும்பத்துக்குள் எழும் வழக்கு

அரசுடனான வழக்கு ஒருபுறம். இழப்பீட்டுத் தொகை அறிவிக்கப்பட்டதும் குடும்பத்துக்குள் எழும் வழக்கு மறுபுறம். பட்டா தாத்தாவின் பெயரில் இருக்கும். பாகப்பிரிவினை வாய்மொழியாக நடந்திருக்கும். மணமாகிச் சென்ற பெண்களின் பங்கு பேசப்படாமலே விடப்பட்டிருக்கும். விலையில்லாதிருந்த மனைக்கு விலை வந்தவுடன் இவை யாவும் மேலெழுகின்றன.

மகள்களின் உரிமையைப் பொறுத்தவரை ஐயத்துக்கு இடமில்லை. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாடு 1989-இல் செய்த திருத்தம், அந்த நாளுக்கு முன் மணமாகாத மகள்களைப் பங்குரிமையர் ஆக்கியது. 2005-ஆம் ஆண்டின் மத்தியத் திருத்தம் எல்லா மகள்களுக்கும் பிறப்பால் சம உரிமை அளித்தது. தந்தை 2005-இல் உயிருடன் இருந்திருக்க வேண்டும் என்ற தேவையில்லை என 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. எனவே, சகோதரிகளின் ஒப்புதலின்றி வாங்கப்படும் இழப்பீடு பின்னாளில் வழக்குக்கு வித்திடும்.

உரிமையில் தகராறு இருந்தால், தொகை யாருக்கும் கொடுக்கப்படாமல் 77-ஆம் பிரிவின்படி ஆணையத்தில் செலுத்தப்படும். அங்கே அது முடங்கிக் கிடக்கும். இங்கே வீடு இடிக்கப்பட்டுவிடும். பத்தாண்டு வழக்காடி மீளப் பெறும் தொகை, அன்றைய மனை விலைக்கு ஈடாகாது. பங்கை எழுத்தில் முடிவு செய்துகொண்டு கூட்டாக மனுச் செய்யும் குடும்பங்களே இந்தச் சுழலில் சிக்காமல் தப்புகின்றன. இழப்பீட்டுத் தொகைக்கு வருமான வரி இல்லை என்று 96-ஆம் பிரிவு தந்துள்ள சலுகையும், தொகை கைக்கு வந்தால்தான் பயன்படும்.

வீட்டை இழப்போர் திரட்டி வைக்க வேண்டிய சான்றுகளைப் பற்றியும் இங்கே குறிப்பிடலாம். பழைய வீட்டுவரி ரசீதுகள், மின் இணைப்பு ஆவணம், கிரயப் பத்திரம், வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று, வாக்காளர் பட்டியலில் உள்ள முகவரி, 'அ' பதிவேட்டில் அந்தப் புல எண் 'கிராம நத்தம்' எனக் குறிக்கப்பட்ட பக்கத்தின் சான்றிட்ட நகல் ஆகியவை முக்கியமானவை. இவற்றுள் கடைசியாகச் சொன்னதே பெரும்பாலோர் விட்டுவிடுவது. நத்தம் அளவைக்கு முன்பிருந்த வகைப்பாட்டைக் காட்டும் அந்தப் பக்கம், பின்னாளில் எழுதப்பட்ட 'சர்க்கார் புறம்போக்கு' என்ற சொல்லுக்கு நேரடியான மறுமொழி.

அரசு செய்ய வேண்டியது

சொத்துரிமை இன்று அடிப்படை உரிமை அல்ல. 1978-இல் நிறைவேறிய 44-ஆவது திருத்தம் அதனை அரசமைப்பின் 300அ கூறுக்கு மாற்றியது. ஆயினும் அதன் வலிமை குன்றிவிடவில்லை. இமாச்சலப் பிரதேசத்தில் 1960-களில் சாலைக்காக ஒரு பெண்ணின் நிலம் இழப்பீடின்றி எடுக்கப்பட்டது. நெடுங்காலம் தன் வசமிருந்ததால் நிலம் தனக்கே உரியதாகிவிட்டது என மாநில அரசு வாதிட்டது. குடிமக்களின் நிலத்தை அனுபவ பாத்தியதையின் பெயரால் அரசு தனதாக்கிக்கொள்ள முடியாது என 2020-இல் உச்ச நீதிமன்றம் கூறியபோது, அப்பெண்ணுக்கு வயது 80. 2024-இல் கொல்கத்தா மாநகராட்சி வழக்கில் அந்நீதிமன்றம் 300அ கூறினுள் ஏழு உரிமைகள் அடங்கியிருப்பதாக விளக்கியது: அறிவிப்பு பெறும் உரிமை, கருத்தைக் கேட்கச் செய்யும் உரிமை, காரணம் காட்டும் முடிவைப் பெறும் உரிமை, பொது நோக்கத்துக்கு மட்டுமே நிலம் எடுக்கப்படும் என்ற உரிமை, நியாயமான இழப்பீடு, உரிய காலத்தில் நடைமுறை நடத்தப்படுதல், அது முறையாக நிறைவு பெறுதல்.

இந்த அளவுகோலை நத்தத்துக்குப் பொருத்தினால், அரசின் கடமை தெளிவாகிறது. 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11(5) பிரிவு, முதல்நிலை அறிவிக்கைக்குப் பின் இரண்டு மாதங்களுக்குள் நில ஆவணங்களை ஆட்சியர் திருத்தி முடிக்க வேண்டும் என்கிறது. இறந்தவர்களின் பெயர்களை நீக்குதல், வாரிசுகளைச் சேர்த்தல், பதிவான பரிமாற்றங்களை ஏற்றுதல் ஆகியவை அதில் அடங்கும். அதாவது, பதிவேடு பிழையுடையது என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. அதனைத் திருத்தும் பொறுப்பையும் அரசின் மீதே வைக்கிறது. இந்தப் பணி பெயரளவுக்கு நடக்கும்போதுதான் வழக்குகள் பெருகுகின்றன.

முதலாவதாக, எந்தச் சட்டத்தின் கீழ் நிலம் எடுத்தாலும், குடியிருப்புப் பகுதி அதில் வருமானால் வீடு வீடாக நத்தம் உரிமை விசாரணை நடத்திய பின்னரே இழப்பீட்டு ஆணை பிறப்பிக்க வேண்டும். மாநிலச் சட்டங்களுக்கும் நெடுஞ்சாலைச் சட்டத்துக்கும் இதனைக் கட்டாயமாக்க ஓர் அரசாணை போதும்.

இரண்டாவதாக, பழைய பதிவேட்டில் நத்தம் என்றிருந்து, வீடும் அனுபவமும் மெய்ப்பிக்கப்பட்டால், மனை குடியிருப்பவருக்கு உரியது என்ற அனுமானத்துடன் விசாரணை தொடங்க வேண்டும். அன்று என்று காட்டும் சுமை அரசினுடையதாக இருக்கட்டும்.

மூன்றாவதாக, உரிமைத் தகராறு உள்ள இடங்களில் கட்டடத்துக்கான தொகையையும், மறுகுடியமர்வுக்கான வீட்டையும் நிறுத்தி வைக்கக் கூடாது. சொந்த மனை இல்லாமல் அப்பகுதியில் மூன்றாண்டுகள் தொடர்ந்து வாழ்ந்த குடும்பத்துக்கும் வீடு உண்டு என்கிறது அச்சட்டத்தின் இரண்டாம் அட்டவணை. உரிமையை மெய்ப்பிக்க முடியாத ஏழைக்கே இவ்வுதவி உண்டென்றால், உரிமை கோரி நிற்பவர் தெருவில் நிற்கத் தேவையில்லை.

நத்தம் ஆவணங்கள் இப்போது கணினிக்கு ஏற்றப்படுகின்றன. நாடு முழுவதும் ஊரகக் குடியிருப்புகளை ட்ரோன் மூலம் அளந்து சொத்து அட்டை வழங்கும் 'ஸ்வாமித்வா' திட்டம் 2020 ஏப்ரலில் தொடங்கப்பட்டது. இவை வரவேற்கத்தக்கவை. ஆயினும், தவறான பதிவு ஏட்டில் இருந்தால் திருத்த இடமுண்டு என்ற எண்ணமாவது இருக்கும். அதே தவறு திரையில் ஏறிவிட்டால் அதுவே இறுதி உண்மை எனக் கொள்ளும் போக்கு வளரும். கணினிமயமாக்கலுக்கு முன் களத்தில் சரிபார்ப்பது அதனால்தான் இன்றியமையாதது.

சாலையும் விமான நிலையமும் தொழிற்பேட்டையும் நாட்டுக்குத் தேவை. அவற்றுக்கு நிலம் தருபவர் தரும் விலையும் நாட்டுக்காகவே. அந்தக் குடும்பம் ஊரை விட்டுப் போகும் நாளில் தன் மனையின் விலையையாவது எடுத்துச் செல்ல வேண்டும். 120 ஆண்டுகளுக்கு முன் அயலார் ஆட்சி இயற்றிய சட்டம், வீட்டுமனை அரசின் சொத்து அல்ல என்று எழுதி வைத்தது. நம் அரசின் பதிவேடுகளும் அதையே சொல்லட்டும்.